நோயற்றோர்க்கு மருந்து: தமொக்சிபெனின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருந்து நோயுற்றவர்க்கே உரியது என்பது மருத்துவத்தின் நெடுநாளைய கொள்கை. உயிர் காக்கும் வழி வேறின்மையால், நோயாளி மருந்தின் தீங்கையும் பொறுத்துக்கொள்வார். நோயற்ற ஒருவர், நோய் வரக்கூடும் என்பதனால் மட்டும் மருந்துண்ணும்போது இந்நியாயம் எவ்வளவு பொருந்தும்? மார்பகப் புற்றுநோய்த் தடுப்பின் வரலாறு எழுப்பும் வினா இதுவே.

1896 இல் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜோர்ஜ் பீற்சன், சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதை அறிவித்தார். சூலகத்திற் சுரக்கும் ஈத்திரசன் என்னும் ஓமோன் இப்புற்றுக்கள் பலவற்றை வளர்க்கின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1962 இல் இங்கிலாந்தின் ஐ.சீ.ஐ. நிறுவனத்தில் டோரா றிச்சாட்சன் உருவாக்கிய தமொக்சிபென், முதலிற் கருத்தடைக்கென ஆராயப்பட்டது. அதுவோ பெண்களிற் சூல் வெளிப்படுவதைத் தூண்டியது. ஆயினும், மார்பகக் கலங்களில் ஈத்திரசனை ஏற்கும் வாங்கிகளை அடைத்து நின்றமையால், 1970களிற் புற்றுநோய் மருந்தாயிற்று. ஒரு மார்பிற் புற்றுற்றவர் இதனை உட்கொண்டபோது மறு மார்பிற் புதிய புற்றுத் தோன்றுவது குறைந்தது. தடுப்பு முயற்சிக்கு வித்திட்டது இவ்வவதானிப்பே.

1992 இல் வட அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில், நோய் வாய்ப்பு மிகுந்த 13,388 பெண்கள் சேர்ந்தனர். ஒரு சாரார் தமொக்சிபெனையும் மறு சாரார் வெற்றுக் குளிசையையும் பெற்றனர். 1998 இல் வெளியான முடிவின்படி, வெற்றுக் குளிசை பெற்றோருள் 175 பேருக்கும் மருந்து பெற்றோருள் 89 பேருக்கும் ஊடுருவும் புற்று உண்டாயிற்று. நோய் பாதியாகக் குறைந்தது என்னும் செய்தி எங்கும் பரவியது. அது உண்மையே. ஆயின், ஏறக்குறைய நான்கரை ஆண்டில், மருந்துண்ட ஆயிரவருள் 13 பேரே அதனால் நோயினின்று தப்பினர் என்பதும் அவ்வெண்கள் கூறும் உண்மையே. மறுபுறம், கருப்பையின் உட்சுவரிற் புற்று இரண்டரை மடங்காகவும், நுரையீரற் குழாய்களைக் குருதிக் கட்டி அடைப்பது மூன்று மடங்காகவும் உயர்ந்தன. ஐம்பது வயதைக் கடந்தோரே இவற்றாற் பெரிதும் பாதிக்கப்பட்டனர். மார்பில் ஈத்திரசனை எதிர்த்த மருந்து, கருப்பையில் ஈத்திரசன் போலவே இயங்கியது.

பிரித்தானியா முதலிய நாடுகளில் நிகழ்ந்த பிறிதோர் ஆய்வின் 16 ஆண்டு முடிவுகள் 2015 இல் வெளியாயின. புற்றுக் குறைவு நீடித்தது. மார்பகப் புற்றால் நிகழ்ந்த இறப்புக் குறைந்ததாகக் காணப்படவில்லை.

ஆகவே வருமுன் காத்தல் நன்றென்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடாது. தடுப்பு மருந்தாற் காக்கப்பட்டவர் தாம் காக்கப்பட்டதை அறியார். தீங்குற்றவரோ அதனை நன்கறிவார். ஒருத்தியின் வயது, குடும்ப வரலாறு, கருப்பை அகற்றப்பட்டுள்ளதா என்பன அவளுக்குரிய பயனையும் தீங்கையும் மாற்றுகின்றன. அவ்விரண்டையும் மடங்குக் கணக்கில் மட்டுமன்றி ஆட்கணக்கிலும் அவளுக்கு உரைப்பது மருத்துவர் கடன், தெரிவு அவளுடையது.