கிண்டியில் உருவான ஒரு துறை

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய மலைவாழ் மக்களிடையே ஓர் இரத்த நோய் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல் வளைந்துவிடும். நுண்ணிய குழாய்களில் அடைத்துக்கொண்டு தாங்கவொண்ணா வலி தரும். அடுத்துள்ள நீலகிரி மலைமக்களிடம் அரிவாளணு காணப்படுவதை 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1949-இல், அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவர் தோழர்களும் இந்நோய்க்கு ‘மூலக்கூறு நோய்’ எனப் பெயரிட்டிருந்தனர். சில ஆண்டுகளில் இங்கிராம் என்பவர் காரணத்தைத் துல்லியமாகக் காட்டினார். இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் புரதத்தில், 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரத்தில், ஆறாவது மணி ஒன்றே மாறியிருந்தது.

ஒரு மணி மாறினால் உடல் முழுதும் துன்புறுகிறது. இதனை ஆராய மருத்துவர் மட்டும் போதார். பௌதிக அறிஞரும் ரசாயன அறிஞரும் கணக்கில் வல்லவரும் ஒரே கூரையின்கீழ் அமர வேண்டும். அவர்களை அமர்த்துவது எவ்வாறு? அலுவலகக் கோப்புகளோடு நாள்தோறும் பழகும் நமக்குத் துறை என்றதும் தலைவர், துணைவர், எழுத்தர் என்று கட்டங்கள் வரைந்த படமே கண்முன் நிற்கும். தமிழிலோ துறை என்பது முதலில் ஆற்றில் இறங்குமிடம். இறங்குவதற்கு ஆழமான ஒரு கேள்வி வேண்டும் என்பதைச் சென்னைப் பல்கலைக் கழகத்துப் பௌதிகத் துறையின் வரலாறு விளக்குகிறது.

அத்துறையை அமைத்த கோ. நா. இராமச்சந்திரன் நம்மைப் போலவே எல்லைக்கு அப்பால் வளர்ந்த தமிழர். முன்னோர் ஊர் திருநெல்வேலிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம். பிறந்தது 1922 அக்டோபர் 8-இல், எர்ணாகுளத்தில். தந்தையார் அங்கு மகாராஜா கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். மகன் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். சர் சி. வி. இராமன் அவரைப் பௌதிகத்திற்கு இழுத்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து திரும்பினார். சென்னையில் பௌதிகத் துறை தொடங்க விரும்பிய துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் முதலில் அழைத்தது இராமனை. இராமன் தம் மாணவரின் பெயரைச் சொன்னார். இவ்வாறு 1952-இல், முப்பது வயதை எட்டும் பருவத்தில், இராமச்சந்திரன் தலைமைப் பேராசிரியரானார். முதலியார் மருத்துவர்; பௌதிகத்திற்கு இளைஞர் ஒருவரைத் துணிந்து அமர்த்திய பெருமை அவருக்கு உரியது.

துறைக்கு ஒரு கேள்வி வேண்டியிருந்தது. அதனைத் தந்தவர் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை இன்னும் எவரும் தெளிவாகக் காணவில்லை என்றார் அவர். தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றைத் தாங்குவது கொலாஜனே. அதற்கு ஆய்பொருள் வேண்டுமே! வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மத்தியத் தோல் ஆராய்ச்சிக் கழகம் கிண்டியில் அண்டை வீடாக இருந்தது. தோலைப் பதனிடுவோர்க்கும் கொலாஜனே மூலப்பொருள். பெரிய கருவிகளைவிட நல்ல அண்டை வீடு அன்று பேருதவி புரிந்தது என்பது நம் கருத்து. கங்காருவின் வால் தசைநாரும் எக்ஸ்-கதிர்ப் படங்களுக்குப் பயன்பட்டது.

உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. இருவரும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில், மூன்று சரங்கள் சேர்ந்ததே கொலாஜன் என்று எழுதினர். மறு ஆண்டில் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றவை என்று திருத்தமாக்கினர். ஒவ்வொரு சரத்திலும் மூன்றில் ஒரு மணி கிளைசின் என்னும் மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். பெரியது எதற்கும் கயிற்றின் உட்புறத்தில் இடமில்லை.

உடனே எதிர்ப்பு எழுந்தது. கிரிக், ரிச் ஆகிய இருவரும் மும்முறுக்கை ஏற்றனர்; ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றனர். சரங்களைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மும்மணிக்கு இரண்டா, ஒன்றா என்பதிலும் வேறுபட்டனர். பிற்காலத்தில் ஒன்று என்ற கட்சிக்கே ஆதரவு பெருகிற்று.

இவ்விடத்தில்தான் துறையின் தரம் தெரிகிறது. வீண் வாதத்தில் இறங்காமல், அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டார் இராமச்சந்திரன். அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணுக்களின் இடைத்தூரங்கள் தொகுக்கப்பட்டன. புரதச் சரத்தின் ஒவ்வொரு கணுவிலும் சுழலக்கூடிய கோணங்கள் இரண்டு. எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதா என்பதைச் சசிசேகரனும் இராமகிருஷ்ணனும் அவருடன் சேர்ந்து கணக்கிட்டனர். இன்றைய கணிப்பொறி வசதிகள் இல்லாத காலம் அது. மோதலற்ற இடங்கள் படத்தில் சில திட்டுகளாகவே அமைந்தன. 1963-இல் வெளியான அப்படம் உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது. புதிதாகக் கண்ட புரத அமைப்பு சரியா என்று சோதிப்போர் இன்றும் அதனை எடுத்து வைத்துப் பார்க்கின்றனர். அதே ஆண்டிலும் 1967-இலும் உலக அறிஞர் பலர் சென்னைக் கருத்தரங்குகளுக்கு வந்தனர்.

கொலாஜன் விதி மருத்துவத்திற்கு உதவியதையும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோயுற்றோர் பலரிடம் ஒரு கிளைசினின் இடத்தில் வேறொரு பெரிய மணி அமர்ந்திருப்பது பின்னாளில் தெரிந்தது. அட்டப்பாடி நோயில் கண்டது போன்ற கதையே இதுவும்.

இலட்சுமணசாமி முதலியார் 1969-இல் பதவி நீங்கினார். அடுத்த ஆண்டு இராமச்சந்திரனும் சென்னையை விட்டார். துணைவேந்தர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்த துறைக்கு இது கடுஞ்சோதனை. பெங்களூரில் அவர் 1971-இல் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவைத் தொடங்கினார். அவ்வாண்டே இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்கும் கணித முறை ஒன்றை வெளியிட்டார்; உடலைக் குறுக்காகக் காட்டும் சி.டி. ஸ்கேன் பொறிகளில் அத்தகைய முறையே நெடுங்காலம் பயன்பட்டது. அவர் 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் காலமானார்.

கிண்டியில் அவர் விட்டுச் சென்ற துறை மூடப்படவில்லை. படிகவியல், உயிர்ப்பௌதிகம் என்ற பெயர்களைத் தாங்கி, அவர் காலத்திற்குப் பிறகும் அங்கே மாணவர் எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்தனர். புரத அமைப்புகளைக் கண்டனர்.