மொட்டை மாடி வாட்டமும் ஓடிப்போன ட்ரோனும்

போன ஆடி மாசம் ஆனையூரில் எங்க வீட்டு மாடியில் ஒரு பஞ்சாயத்து. அக்கா பையன், ஒன்பதாவது படிக்கிறான், உண்டியலை உடைச்சு ஒரு குட்டி ட்ரோன் வாங்கியிருந்தான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முதல் நாளே அது நேரா பக்கத்து வீட்டு மாடிக்குப் போய், அந்த அக்கா காயப் போட்டிருந்த மோர்மிளகாய்க்கு நடுவுல இறங்கிருச்சு. இறங்கினதோட நின்னா பரவாயில்லை, நாலு விசிறியும் சுத்திக்கிட்டே இறங்கிச்சு. மிச்சத்தை உங்க கற்பனைக்கே விட்டுடறேன் :-)

மறுநாளும் அதே கதை. மூணாம் நாளும் அதே மாடி, அதே மிளகாய். "தம்பி, இன்னொரு தடவை வந்துச்சுன்னா அடுப்புல போட்ருவேன்"னு அந்த அக்கா சொல்லிட்டாங்க. பயல் ட்ரோனை டப்பாவுக்குள்ள வச்சு மூடி, "எனக்குக் கை சரியில்ல மாமா. யார்ட்டயாவது வித்துருங்க"ன்னு கொண்டுவந்து நீட்டினான். எனக்கு மிளகாய் போனதைவிட அதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஏன்னா கை சரியில்லைங்கிற வார்த்தைக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கதை இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயை எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

1907. பிரான்சில் டூவே என்கிற ஊர். லூயி பிரெகே, அவர் தம்பி ஜாக், கூட ஷார்ல் ரிஷே (இவர் உடலியல் பேராசிரியர், பின்னாடி 1913-ல் மருத்துவத்துக்கு நோபல் வாங்கினவர், நடுவுல இந்தப் பைத்தியமும் இருந்திருக்கு). மூணு பேரும் சேர்ந்து நாலு பக்கமும் விசிறி வச்ச ஒரு எந்திரம் செஞ்சாங்க. இன்னைக்கு நம்ம பசங்க கையில இருக்கிறதுக்குக் கொள்ளுத்தாத்தா. அது ஆளோட சேர்ந்து எழும்பத்தான் செஞ்சது, சுமார் 60 சென்டிமீட்டர். ஆனா நாலு மூலையிலும் நாலு பேர் நின்னு பிடிச்சுக்கிட்டாங்க. விட்டா ஒரு பக்கமா சாஞ்சு ஓடிரும். எந்திரத்தை அடக்க உள்ளே உட்கார்ந்தவர் கையில ஒண்ணுமே கிடையாது. அதனாலதான் இதை முதல் சுதந்திரப் பறத்தல்னு சரித்திரத்தில் ஒத்துக்கறதில்லை.

அந்த நாலு பேர் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் இந்தத் துறையில் நடந்ததெல்லாம் அந்த நாலு பேர் வேலையை யார் தலையில கட்டுறதுங்கிற தேடல்தான்.

பிரான்சிலேயே எத்தியென் ஒமிஷன் என்பவர் தன்னோட முதல் எந்திரத்துக்கு மேல ஹைட்ரஜன் பலூனைக் கட்டினார், சாயாம இருக்க. சிரிக்காதீங்க, அடுத்த எந்திரத்துக்குப் பலூனை எடுத்துட்டு, சாய்வைச் சரிபண்றதுக்குன்னே தனியா குட்டி விசிறிகள் வச்சு, 1924 மே மாசம் ஒரு கிலோமீட்டர் சுத்துப் பறந்து கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் தெ போத்தெசா செஞ்ச எந்திரம் 1922 டிசம்பர்ல ஒண்ணே முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவா மிதந்துச்சு. மிதந்துச்சுன்னா, காத்து தள்ளின பக்கம் போய் இறங்கிச்சு. பயலோட மோர்மிளகாய் மாதிரியேதான். ராணுவம் ரெண்டு லட்சம் டாலர் கொட்டிட்டு 1924-ல் கையைக் கழுவிருச்சு. ஓட்டுறவங்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை, சாய்வைத் திருத்தறதே முழுநேர வேலை. ஆக, கை சரியில்லைங்கிறது அன்னைக்கே தெரிஞ்ச விஷயம். மனுஷக் கையே இதுக்குச் சரிப்படாது மாப்ள, உன் கை மட்டும் இல்ல.

கை செய்யாததை அப்புறம் எது செஞ்சது? பம்பரம். சுத்துற பம்பரம் தன் திசையை விடாது. பூகோ 1852-லேயே அந்த வித்தையை ஒரு கருவியா ஆக்கி ஜைரோஸ்கோப்னு பேரும் வச்சுட்டார். ஆனா பித்தளைச் சக்கரம் வச்ச ஜைரோவை உள்ளங்கை ட்ரோன்ல எப்படி வைக்கிறது? 1990-கள்ல கார்க்காரங்கதான் வழி திறந்தாங்க. மோதினா காத்துப்பை விரியணும், வழுக்கினா வண்டி தெரிஞ்சுக்கணும்னு சிலிக்கான் சில்லுக்குள்ள உணரி செஞ்சாங்க. அதுல சுத்துற சக்கரம் இல்லை, ஒரு நுணுக்கமான எடை அதிர்ந்துக்கிட்டே இருக்கும். சில்லு திரும்பினா அந்த அதிர்வு பக்கவாட்டுல விலகும், அதை அளந்துக்கறது.

சில்லு விலை குறைஞ்சு விளையாட்டுச் சாமானுக்கு வந்ததுதான் எனக்குப் பிடிச்ச கட்டம். 2009-ல் நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவிக்கு மோஷன் பிளஸ்னு ஒரு ஒட்டுச் சாமான் வந்துச்சு. கையைத் திருப்பினா திரையில டென்னிஸ் மட்டை திரும்பும். பொழுதுபோக்கு ஆளுங்க அதைப் பிரிச்சு, உள்ளே இருந்த ஜைரோவை எடுத்து, ஆர்டுயினோ பலகையோட இணைச்சு நாலு விசிறியை ஓட்டினாங்க. மல்டிவீன்னு ஒரு மென்பொருளே கிளம்பிச்சு, அந்த 'வீ' இந்த வீதான். கம்பெனிக்காரன் டென்னிஸ் ஆடக் கொடுத்ததை வச்சு ஊர் ஊருக்கு மாடியில உட்கார்ந்து ட்ரோன் செஞ்சாங்க. நொடிக்கு நூத்துக்கணக்கான தடவை சாய்வைப் பார்த்துத் திருத்துற அந்த நாலு பேரும் இப்ப கட்டைவிரல் நகத்துல அடங்கிட்டாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். 2012-ல் மேலூர் பக்கம் கிரானைட் விவகாரம் வெடிச்சப்போ, குவாரிகளை மேல இருந்து பார்க்க அண்ணா பல்கலைக்கழகத்தோட குரோம்பேட்டை எம்.ஐ.டி. குழு ஆளில்லா விமானத்தைக் கொண்டுவந்து பறக்கவிட்டாங்க. அவங்க பேர் 'தக்‌ஷா'. அதே வருஷம் அமெரிக்காவில் யூஏவி ஃபோர்ஜ்னு நடந்த போட்டியோட கடைசிச் சுற்று வரைக்கும் போனாங்க. அந்தப் போட்டியில கொடுத்த வேலையை ஒரு குழுவாலயும் முழுசா முடிக்க முடியலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும், அவ்வளவு பிடிவாதமான பிரச்சினை இது. 2018-ல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ ட்ரோன் போட்டியில ரெண்டாவது வந்தாங்களே, நடிகர் அஜித் ஆலோசகரா இருந்தாரே, அதே குழுதான்.

சரி, சில்லு அவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருந்தா நம்ம பயலோடது ஏன் ஓடிச்சு?

ஜைரோ சொல்றது எவ்வளவு வேகமா திரும்பறோம்கிறதை மட்டும்தான். அதைக் கூட்டிக்கூட்டிச் சாய்வைக் கணக்குப் போடணும். ஒவ்வொரு கூட்டல்லயும் துளித் துளியா பிழை சேர்ந்துக்கிட்டே போகும். அதனால கூடவே ஒரு முடுக்கமானி வைப்பாங்க. கொத்தனார் கையில இருக்கிற தூக்குக்குண்டு மாதிரி, கீழே எது, மேலே எதுன்னு அது சொல்லும். ஆடும்போது தூக்குக்குண்டும் தப்பாச் சொல்லும்ல, அதனால உடனடித் திருத்தத்துக்கு ஜைரோ, நிதானமான திருத்தத்துக்குத் தூக்குக்குண்டுன்னு ரெண்டையும் கலந்து ஓட்டறது. எது மட்டம்னு அந்தத் தூக்குக்குண்டுக்கு நாமதான் ஒரு தடவை சொல்லிக் கொடுக்கணும். சமதளத்துல வச்சு ரெண்டு குச்சியையும் மூலைக்குத் தள்ளி, விளக்கு மினுக்குற வரைக்கும் பிடிக்கிறோமே, அதான் அது.

"எங்க வச்சுடா சொல்லிக் கொடுத்த?"

"இங்கதான் மாமா, மாடியில."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மழைத்தண்ணி நிக்காம ஓடணும்னு நம்ம கொத்தனார்கள் மாடித் தளத்துக்கு வாட்டம் விட்டுத்தானே தட்டோடு பதிக்கிறாங்க! கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம்னு வச்சுக்குங்க, அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல. அதையே மட்டம்னு நம்பின ட்ரோன் அந்தச் சாய்விலேயே மிதக்கும். புவியீர்ப்பு முடுக்கத்துல நூத்துல ஒரு பங்கு அதைப் பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே இருக்கும். காத்துத் தடையை விட்டுட்டுக் கணக்குப் போட்டா பத்து நொடியில சுமார் 5 மீட்டர். எங்க மாடியோட தண்ணிக்குழாய் இருக்கிறது அந்த அக்கா வீட்டுப் பக்கம். பயல் எப்பவும் ட்ரோன் மூக்கை மாடிப்படிப் பக்கமே திருப்பி வைப்பான். தண்ணி போற வழியிலேயே ட்ரோனும் போயிருக்கு. அது பாட்டுக்குத் தான் நேரா நிக்கிறதாத்தான் நினைச்சிருக்கும், பாவம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செஞ்சோம். ட்ரோனைத் தரையிலேயே மூக்கை எதிர்ப்பக்கமாத் திருப்பி வச்சு எழுப்பினோம். ஓட்டமும் எதிர்ப்பக்கம் திரும்பிச்சு. அப்ப கோளாறு ட்ரோனுக்குள்ள. எப்படித் திருப்பினாலும் ஒரே திசையிலதான் ஓடுதுன்னா அது காத்து. இந்த ஒரு சோதனை தெரிஞ்சா பாதி அலைச்சல் மிச்சம். மத்ததெல்லாம் சில்லறை: வளைஞ்ச விசிறி, வலஞ்சுழி இடஞ்சுழி மாத்தி மாட்டினது, மோட்டார் தண்டுல சுத்திக்கிட்ட தலைமுடி (எங்க வீட்டுல ரெண்டு தடவை), ஆன் பண்ணும்போது கையில வச்சு ஆட்டறது.

பெரிய ட்ரோன் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கிளைக்கதை. அதுல காந்தமானியும் ஜிபிஎஸ்ஸும் இருக்கும். காந்தமானி தப்பா இருந்தா ட்ரோன் ஒரு இடத்துல நிக்காம வட்டம் வட்டமா சுத்திப் பெரிசாகிக்கிட்டே போகும். இந்த விஷயத்துல மதுரைக்காரங்க கொடுத்து வச்சவங்க. பூமியோட காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டை ஒட்டித்தான் போகுது. லண்டன்ல காந்த ஊசி 66 டிகிரி மூக்கைக் குத்திக்கிட்டு நிக்கும், இங்க கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். இதை அளக்கணும்னே திருவனந்தபுரத்து ஜான் ஆலன் புரூன் 1855-ல் அகத்தியமலை உச்சியில ஒரு ஆய்வுக்கூடம் போட்டார். 1963-ல் தும்பாவில் ராக்கெட் விட்டதுக்கும் இதே கோடுதான் காரணம். அவ்வளவு வசதி இருந்தும், கான்கிரீட்டுக்குள்ள கம்பி ஓடுற மாடியில வச்சுக் காந்தமானியைச் சரிபண்ணினா எல்லாம் வீண். அதே காந்தக் கோட்டோட இன்னொரு விளைவு: பங்குனி, புரட்டாசி சமயத்துல பொழுது சாஞ்சப்புறம் மேல்வளிமண்டலத்துல குமிழி மாதிரி கிளம்பி ஜிபிஎஸ்ஸைக் குழப்பும். சாயங்காலம் மட்டும் ஓடுதுன்னா ட்ரோனைத் திட்டாதீங்க. (எதைப் பறக்கவிட்டாலும் 2021 ட்ரோன் விதிகளையும் அரசு வரைபடத்தையும் பார்த்துட்டுப் பறக்கவிடுங்க, விமான நிலையம் இருக்கிற ஊர் இது.)

எங்க கதைக்கு: வீட்டுக்குள்ள மட்டமான இடம் தேடினோம். அடுப்படி மேடை கிரானைட். எதிர்வீட்டுக் கொத்தனார் அண்ணன்கிட்ட ரசமட்டம் வாங்கி வச்சுப் பார்த்தா, அதுவும் தொட்டிப் பக்கம் லேசா சாஞ்சிருக்கு! கடைசியில படிக்கிற மேசைக் காலுக்கடியில அட்டை மடிச்சு வச்சு, குமிழி நடுவுக்கு வந்தப்புறம் சொல்லிக் கொடுத்தோம். காத்து இல்லாத விடிகாலையில மாடிக்குப் போனோம். எழும்பிச்சு. பத்து நொடி, இருபது நொடி, லேசா தயங்கித் தயங்கி அங்கேயே நின்னுச்சு. பயல் குச்சியைத் தொடவே இல்ல.

ஏழு மணிக்கு மேல்காத்து ஆரம்பிச்சதும் மறுபடி ஒதுங்கப் பார்த்துச்சு. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது காத்து மாமா"ன்னு அவனே சொல்லி இறக்கிட்டான். பக்கத்து மாடியில அக்கா மிளகாய்த் தட்டோட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "நிக்குதே?"ன்னாங்க. அப்புறம், காத்து அடங்கின பிறகு தட்டை எங்க காயப் போடலாம்னு பயலையே கேட்டாங்க.