விடியுமுன் பறிக்கும் பூ: மதுரை மல்லியின் சிறு தோட்டங்கள்

நெடுநல்வாடையில் ஒரு மாலைப்பொழுது வருகிறது. மேகம் மூடிக் கதிரவன் தெரியாத கூதிர்க்காலம். பெண்கள் பூந்தட்டில் இட்டுவைத்த பித்திக மொட்டுகள் அவிழ்ந்து மணப்பதைக் கொண்டே அந்தி வந்துவிட்டதென்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். பித்திகம் என்பது நம் பிச்சி. மல்லிக்கு நெருங்கிய உறவு. அந்த மொட்டுக் கடிகாரத்தை நம்பித்தான் இன்றும் மதுரையைச் சுற்றியுள்ள சில ஆயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன.

மதுரை மல்லிக்கு இரண்டாயிரம் ஆண்டு மரபு என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. இதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். பூ பழையது. பரிபாடலின் வையைப் பாடலொன்று மல்லிகையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மதுரைக்காஞ்சியின் அங்காடியில் பூ விற்போர் திரிகிறார்கள். ஆனால் அந்தப் பூவை விளைவித்தவர் யார், எந்த நிலத்தில் என்பதைப் பாடல்கள் சொல்வதில்லை. பிற்காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனங்களும், அவற்றைப் பேணுவோருக்கு விடப்பட்ட நிலங்களும் வருகின்றன. அங்கே பூ இறைவனுக்குரியது; விலை என்ற பேச்சே இல்லை.

அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் சந்தைக்கென்றே மல்லி வைக்கும் குடும்பத் தோட்டம் இதிலிருந்து வேறான ஒன்று. அதற்குக் கிணற்று நீர் வேண்டும், இறைக்க மோட்டார் வேண்டும், விடியற்காலையில் கூடையை ஏற்றிச்செல்லப் பேருந்து வேண்டும். இம்மூன்றும் சேர்ந்து கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் பக்கத்துத் தோட்டங்களை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

'மதுரை' மல்லியின் நாற்று பெரும்பாலும் மதுரையில் பிறப்பதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்த பதியன்கள்தான் இங்கே வந்து நடப்படுகின்றன. தாவரவியலார் முதலில் இதன் இனத்தையே தவறாகக் கணித்தார்கள். 1753இல் லின்னேயஸ் இதைப் பவளமல்லியின் இனத்தில் சேர்த்தார். 1789இல் எய்ட்டன் மல்லிகை இனத்துக்கு மாற்றினார். இன்று வழங்கும் 'சம்பக்' என்ற அறிவியல் பெயர் அரபு வழி வந்தது.

நட்டபின் ஆண்டு ஒரு வட்டமாகச் சுழல்கிறது. நவம்பர் கடைசியில் கவாத்து. தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு வெட்டிவிடுவார்கள். மார்ச், ஏப்ரலில் பூ கொட்டத் தொடங்கும். மொட்டுப்புழுவும் செஞ்சிலந்தியும் கூடவே வரும். பறிப்பு மட்டும் வேறு கணக்கு. மாலையில் மலரப்போகும் மொட்டை அன்று வெயில் ஏறுமுன் கிள்ளிவிட வேண்டும். நேற்றும் பறிக்க முடியாது, நாளையும் முடியாது. கிலோவுக்குச் சில ஆயிரம் மொட்டுகள்; எல்லாம் விரல்நுனி வேலை. குடும்பத்துக் கைகள் போதாதபோது கூலியாள் வேண்டும். பறித்த பூ மாட்டுத்தாவணி சந்தையில் கமிஷன் மண்டிக்குப் போகிறது. அதே மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பவருக்கு வேறு கடை தேடிப்போக வழியில்லை.

விலையோ விவசாயியைக் கேலி செய்வதுபோல நடந்துகொள்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிலோ மூவாயிரம், நாலாயிரம் என்று நாளிதழ்கள் எழுதும். செடியில் பூ இல்லாததால்தான் அந்த விலை. பனியும் கவாத்தும் விளைச்சலை ஒடுக்கியிருக்கும். கோடையில் செடி வெண்மையாய்ப் பூத்து நிற்கும்போது அதே பூ சில நூறுக்கோ அதற்கும் கீழோ இறங்கும். மிஞ்சியது நிலக்கோட்டைப் பக்கத்து வாசனை ஆலைகளுக்குப் போகும். ஆயிரம் கிலோ பூவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மெழுகுப்பதச் சாறு தேறும்.

ஜம்முவின் பதர்வாவில் மக்காச்சோளத்தை விட்டு லாவெண்டருக்கு மாறிய சிறு விவசாயிகளைப் பற்றி அண்மைக்காலத்தில் நிறையப் பேசப்படுகிறது. லாவெண்டரை நீராவியில் வடித்து, எண்ணெயைக் குப்பியில் அடைத்து, விலை வரும்வரை காத்திருக்கலாம். மல்லி நீராவியைத் தாங்காது; கரைப்பான் கொண்டே சாறு எடுக்க வேண்டும். அது ஆலையின் வேலை, தோட்டக்காரர் கைக்கு எட்டாதது. காத்திருக்கும் உரிமை அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது, விலைக்கு வரவில்லை. 2019 நவம்பரில் கவாத்து செய்தவர்களின் செடிகள் 2020 மார்ச்சில் வழக்கம்போல் பூத்தன. மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. கோயில்கள் அடைபட்டன, திருமணங்கள் சுருங்கின. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் கூட்டமின்றி இணையவழி ஒளிபரப்போடு நடந்தது. பறிகூலிகூடக் கட்டாது என்று பலர் மொட்டுகளைச் செடியிலேயே விட்டார்கள். அவை அன்றன்று அந்தியில் தவறாமல் மலர்ந்தன.