கழுத்து நாடியும் கண்ணில் விழுந்த திரையும்

சுபஹுத் தொழுதுவிட்டு வந்த வாப்பா, "வலக் கண்ணுல மேலருந்து திரை ஒண்டு இறங்கின மாதிரி இருந்திச்சி, இப்ப சரியாப் பெய்த்து" என்றார். ஐந்து நிமிடம்கூட இருக்காது. கண்ணாடி மாற்றினால் போதும் என்று திகதி எடுத்தோம். அந்தத் திகதி வருமுன் அவருடைய இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. வலக் கண்ணுக்கும் இடக்கைக்கும் என்ன தொடர்பு?

பிறகு வாசித்தபோதுதான், இதே கேள்வியிலிருந்து ஒரு வரலாறே தொடங்கியிருப்பது தெரிந்தது. கேட்டவர் கனடா வைத்தியர் மில்லர் பிஷர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையிலிருந்து ஜேர்மனியரிடம் பிடிபட்டு, மூன்றரை ஆண்டுகள் கைதியாக இருந்தவர். மொன்றியலில் அவரிடம் வந்த ஒரு நோயாளி, பாரிசவாதம் வருமுன் தன் ஒரு கண் அடிக்கடி இருண்டதாகச் சொன்னார். ஆனால் அது வாதம் விழுந்த பக்கத்துக் கண்ணல்ல, மற்றக் கண். பிஷர் அதைத் தட்டிவிடவில்லை. மூளையின் வலப்பாதிதான் உடம்பின் இடப்பக்கத்தை ஆள்கிறது. வலக் கண்ணுக்கு இரத்தம் போவதும் வலப்பக்கக் கழுத்து நாடியின் கிளையால்தான். அப்படியென்றால் இரண்டு கேட்டுக்கும் ஊற்று கழுத்திலேயே இருக்கவேண்டும்.

அந்நாளில் பாரிசவாதத்தில் மௌத்தானவர்களின் மூளையைத் திறந்து பார்த்தார்களே தவிர, கழுத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பாருங்கள் என்று அமெரிக்கரான ராம்சே ஹன்ட் 1914இலேயே எழுதியிருந்தார். காதில் போட்டுக்கொண்டவர் குறைவு. பிஷர் கழுத்து நாடிகளைத் திறந்து பார்த்து, அடைப்பைக் கண்டு, 1951இல் எழுதினார். கொழுப்புப் படிந்து ஒடுங்கிய இடத்தில் இரத்தம் கட்டியாகி, துணுக்குகள் பிய்ந்து மேலே போகும். 1959இல், ஒருவருக்குக் கண் இருண்டிருந்த வேளையிலேயே, விழித்திரை நாடிக்குள் வெண்ணிறத் துணுக்குகள் நகர்வதை அவர் கண்டு எழுதினார். துணுக்கு கரைந்தால் சில நிமிடத்தில் எல்லாம் தெளியும். அதுதான் சிறு வாதம். கரையாவிட்டால் வாப்பாவுக்கு வந்ததுதான்.

அறபியில் இந்த நாடிக்குப் பெயர் 'ஸுபாத்தி'; ஸுபாத் என்றால் ஆழ்ந்த உறக்கம். கிரேக்கப் பெயரும் மயக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது. அதை அழுத்தினால் நினைவு தப்பும் என்பது பழையவர்கள் அறிந்த சங்கதி. அது உள்ளுக்குள் மெல்ல ஒடுங்கும் கதைதான் பிந்தித் தெரிய வந்தது.

1954 மே மாதம் லண்டன் சென் மேரிஸ் ஆஸ்பத்திரியில், முப்பத்து மூன்று தடவை சிறு வாதம் கண்ட 66 வயதுப் பெண்ணொருவரின் ஒடுங்கிய நாடித் துண்டை வெட்டியெடுத்து, மிகுதியைப் பொருத்தினார்கள். அவருக்கு அந்தத் தாக்கங்கள் நின்றன. இருந்தும் சத்திரசிகிச்சையால் எவருக்கு நன்மை என்ற வாதம் பல்லாண்டு இழுபட்டது. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கி, ஏற்கனவே அறிகுறி கண்டவர்களை எடுத்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தால் வாதம் வந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தோரில் நூற்றுக்கு 26 பேர். சத்திரசிகிச்சை செய்தோரில் 9 பேர்.

வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, இளம் வைத்தியர் ஒருவர் முதலில் கேட்டது இதைத்தான்: "இதுக்கு முந்தி எப்பவாவது ஒரு கண் இருட்டினதா?" உம்மா என்னைப் பார்த்தார்.