இரண்டு ஜவ்வு தூரம்

முதுகெலும்பை ஒட்டவைக்கும் அறுவைசிகிச்சை காசநோய்க்காகத் தொடங்கியது. 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக அதைச் செய்து எழுதினார்கள். கிருமி அரித்த எலும்பு நொறுங்கி, முதுகு கூன் விழுந்துகொண்டே போகும். அடுத்தடுத்த எலும்புகளை ஒன்றாக்கிவிட்டால் கூன் அதோடு நிற்கும் என்பது கணக்கு. ஆல்பி நோயாளியின் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பிலிருந்து ஒரு பட்டையை வெட்டி முதுகில் செருகினார். அன்றைக்கு இம்ப்ளான்ட் என்றால் சொந்த எலும்புதான்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் சித்தப்பா. ஆம்பூரில் தோல் ஷாப்பில் முப்பது வருஷம். உப்புப் போட்டு வந்த ஈரத்தோலைக் குனிந்து தூக்கி டிரம்மில் போடுவது, மறுபடி குனிந்து எடுப்பது. இடுப்புக்கு மேலே நாலாவது எலும்பு அஞ்சாவதின் மேல் முன்பக்கமாக நழுவியிருந்தது. ஸ்க்ரூ போட வேண்டும், ஜவ்வு இருந்த இடத்தில் ஒரு கூண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கூண்டு டைட்டானியமா, ‘பீக்’ என்ற பிளாஸ்டிக்கா? “நீதான் இன்ஜினியராச்சே, எது ஸ்ட்ராங்குன்னு சொல்லு” என்று சித்தப்பா போன் பண்ணினார். நான் எழுதுவது மென்பொருள். ஆனாலும் முதல் வருஷ மெக்கானிக்ஸ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் கேள்விக்கு நல்ல பதில் நம்ம ஊரிலேயே, உலோகம் இல்லாத காலத்தில் கிடைத்திருக்கிறது. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் 1950களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். முன்பக்கமாகப் போய், கெட்டுப்போன எலும்பை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் நோயாளியின் விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ முட்டுக்கொடுப்பது. இது தேவையா, மாத்திரை மட்டும் போதாதா என்று 1970களில் சென்னையில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு அறுவைசிகிச்சையும் மருந்தும். மற்றவர்களுக்கு மருந்து மட்டும், அவர்கள் நடமாடிக்கொண்டே சாப்பிட்டார்கள். நோய் குணமாவதில் மருந்து மட்டும் எடுத்தவர்கள் ஒன்றும் பின்தங்கவில்லை. என் வாசிப்பில் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றின் பெரிய சாதனைகளில் இது ஒன்று. நான் படித்த பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி பார்த்த நினைவில்லை.

எனக்கு வேண்டியது அதன் பின்கதை. அறுவைசிகிச்சை ஆனவர்களை ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து பார்த்து, ராஜசேகரனும் சௌந்தரபாண்டியனும் 1989இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முட்டுக்கொடுத்த எலும்பு தாங்கவில்லை. நழுவியது, உடைந்தது, கரைந்தது, அல்லது மேலும் கீழும் உள்ள எலும்புக்குள் புதைந்துபோனது. எலும்புத் துண்டின் நீளம் இரண்டு ஜவ்வு இடைவெளிகளைத் தாண்டினால் ஆபத்து கூடியது.

சாரம் கட்டுகிறவருக்கு இது புதிதில்லை. நீளமான கழி நடுவில் வளையும். நீளம் இரட்டித்தால், கழி வளைந்து விலகாமல் தாங்கும் எடை நாலில் ஒரு பங்காகிவிடும். உடம்பு அந்தத் துண்டைப் பிழைக்கவைத்து, ரத்தக்குழாய் விட்டு, தன்னோடு சேர்த்துக்கொள்ள மாதங்கள் ஆகும். முட்டு அதுவரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் பெரிசு.

உலோகம் வந்தது இந்த மாதங்களைக் கடக்கத்தான். 1960களில் பாரிஸில் ராய்-கமீல், பெடிக்கிள் எனும் எலும்புக் குழாய் வழியாக ஸ்க்ரூ முறுக்கிப் பிடிக்கும் முறையைத் தொடங்கினார். ஸ்க்ரூவின் வலு விட்டத்தின் மூன்றாம் மடிப்பெருக்கில் கூடும்: 5.5 மில்லிமீட்டருக்குப் பதில் 6.5 போட்டால் வளைவைத் தாங்கும் திறன் ஏறக்குறைய 65 சதவீதம் அதிகம். பெடிக்கிள் இடம் கொடுத்தால் பெரிய ஸ்க்ரூதான் லாபம். ஆய்வகத்தில் ஸ்க்ரூவையும் கம்பியையும் பிளாஸ்டிக் கட்டைகளில் பூட்டி 50 லட்சம் தடவை வரை வளைத்துச் சோதிப்பார்கள். எலும்பு ஒட்டவே இல்லையென்றால் எந்தக் கம்பியும் ஒருநாள் களைத்து உடையும்.

கூண்டு விஷயத்தில் ‘ஸ்ட்ராங்’ என்பதே தப்பான கேள்வி. டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல், பீக் 3 முதல் 4, எலும்பின் வெளிச்சுவர் 15 முதல் 20, உள்ளே இருக்கும் பஞ்செலும்பு 1ஐக்கூடத் தொடாது. ரொம்ப விறைப்பானது பஞ்செலும்பில் புதையப் பார்க்கும். பீக் எக்ஸ்ரேயில் மறைக்காது, ஒட்டியதா என்று பார்க்க வசதி. ஆனால் எலும்பு அதன் மேல் நேரடியாகப் பிடிப்பதில்லை. டைட்டானியத்தின் சொரசொரப்பில் பிடிக்கும். இப்போது துளை துளையாக அச்சடித்த டைட்டானியக் கூண்டுகள் விறைப்பையும் குறைக்கின்றன. எதுவானாலும் அகலமாக, எலும்பின் ஓரம் வரை உட்கார வேண்டும். ஓரம்தான் கெட்டி, நடுப்பகுதி மெத்து.

இவ்வளவையும் போனில் சொன்னேன். “பீடி?” என்றேன். நிகோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும், எந்தக் கூண்டை வைத்தாலும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஒட்டுறதுக்கு எவ்ளோ நாளாகும்?”

ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம்.

“ஷாப்புல எங்களுக்கு நாள் கூலிடா.”