கொட்டியாரத்துப் புளியும் கனிமர ஒப்புரவும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பாற் பரந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவின் கரையில் மூதூர் என்னும் பழம்பதி உளது. அவ்வூரில் 1893ஆம் ஆண்டில் நாட்டப்பெற்ற கல்லொன்று, 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் இறொபேட் நொக்ஸ் 1660ஆம் ஆண்டிலே சிறைப்பட்ட இடத்தைச் சுட்டுகின்றது. 'வெள்ளையன் மரம்' என்று அக்கல் பெயர் சொல்லும் மரம் ஒரு புளியமரமாகும். புயலிற் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட வந்த தலைவர், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களை ஐயுறாது கரையேறி, அப்புளியின் நிழலிலே அமர்ந்திருந்தார். பிடித்துச் சென்றனர். அவர் மறு ஆண்டிற் சிறையிலேயே மாண்டார். அவருடன் சிறைப்பட்ட மகனார், அதே பெயரினர், பத்தொன்பது ஆண்டு கழித்து 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டன் நகரில் இலங்கை வரலாறொன்றை வெளியிட்டார்.

வரலாற்று நூலார் யாவரும் சிறைப்பட்டவர் கதையையே விரித்துரைப்பர். அந்த மரத்தை எண்ணுவார் அரியர். அந்நியன் ஒருவன் எவரையுங் கேளாது வந்தமரக்கூடிய நிழல், அத்துறையில் ஆயத்தமாய் நின்றதன்றோ? புளி ஓரிரு ஆண்டிற் காய்ப்பதன்று. விதையிட்டு வளர்ப்பவன் எட்டோ பத்தோ ஆண்டு பொறுத்திருத்தல் வேண்டும். நல்ல நிழல் பரப்ப அதனினும் நெடுங்காலம் ஆகும். ஆதலின் 1660இல் நின்ற மரம், முன்னொரு தலைமுறையினர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காத்து வளர்த்ததாதல் வேண்டும். இத்தகைய மரங்களை யாவர் காத்தனர், அவற்றின் மிகுபயன் யாவர்க்குச் சென்றது என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு விடை தேடுமிடத்து முதற்கண் உதவுபவரும் இளைய நொக்ஸே ஆவர். கண்டி நாட்டிற் பழமரங்கள் பலவாயினும் மக்கள் அவற்றை மனமுவந்து நடுவதில்லை என்று அவர் எழுதுகின்றார். அதற்கு அவர் கூறும் காரணம் கவனத்துக்குரியது. யாதேனும் ஒரு மரத்திலே பழம் மற்றவற்றினும் சிறப்பாய் இருப்பின், அரசன் பேரால் அம்மரத்திற் கயிறு கட்டி மூன்று முடிச்சிடுவர். முடிச்சு விழுந்தபின் மரத்துக்குரியவனும் அப்பழத்தைத் தீண்டலாகாது. பழுத்ததும் வெள்ளைத் துணியிற் பொதிந்து நாட்டதிகாரியிடம் சேர்ப்பர்; குற்றமற்றதாயின் அது அரசனிடஞ் செல்லும். உரியவனுக்குக் காசில்லை. எவ்வளவு தூரமாயினும் தானே சுமந்து செல் என்று அவனைப் பணியாது விட்டாற் பெரிது. மூன்று முடிச்சென்றால் நமக்கு மணவறையும் மங்கலமும் நினைவுக்கு வரும். அந்நாட்டு உழவனுக்கோ அது தன் வளவிலே தனக்கு உரிமை அற்றுப்போனதன் அடையாளமாயிற்று. ஆகவே உயிர்வாழப் போதியதற்கு மேல் எவரும் நட்டுப் பேண முன்வந்திலர். சிறைப்பட்டவர் சொல்லாகலின் அரசன்மேற் காழ்ப்பு இதிற் கலந்திருத்தல் கூடும் என்பார் உளர். ஆயினும் உழவரோடு உழவராய்ப் பல்லாண்டு வாழ்ந்து, தாமே தோட்டம் வைத்து உண்டவர் கூற்று இது என்பதை மறத்தலாகாது.

இதனையொத்த செய்தியொன்று நம் சங்க இலக்கியத்தும் உண்டு. நன்னன் என்னும் குறுநிலத் தலைவனின் காவல் மாமரத்துக் காயொன்று ஆற்றுநீரில் மிதந்து வந்தது. நீராடச் சென்ற சிறுமி அதனை எடுத்துண்டாள். அவள் எடைக்கு எடை பொற்பாவையும் எண்பத்தொரு களிறும் தருவதாக வேண்டியும் நன்னன் இணங்காது அவளைக் கொல்வித்தான். பரணர் குறுந்தொகையில் (292) இதனைக் குறிக்கின்றார். பின்னர்க் கோசர் அம்மாமரத்தையே வெட்டி வீழ்த்தினர் என்பதும் அந்நூலிலேயே (73) பெறப்படும். நீர் கொண்டுவந்த காய்க்கும் உரிமை கொண்டாடிய தலைவன் பெயர் ஈராயிரம் ஆண்டாகப் பழியோடு நிற்கின்றது. இராசசிங்கன் எவரையும் மாங்காய்க்காகக் கொன்றான் என்று நொக்ஸ் எழுதினாரல்லர். எனினும் இருவரிடத்தும் மரத்தின் பயன் ஊரினின்றும் பிரிக்கப்பட்டது. பயனில்லாதவன் காவல் செய்யான். வேலி சரிந்தாலும் எடுத்துக் கட்டான்.

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னே 'ஒப்புரவறிதல்' எனத் தனி அதிகாரம் வகுத்ததன் நுட்பம் இவ்விடத்து விளங்கும். ஈகை வறியார்க்குக் கொடுப்பது. ஒப்புரவோ உலகநடை அறிந்து ஊரோடு ஒத்து ஒழுகுவது. அங்கே கொள்பவன் இரவலனல்லன். அதனை விளக்க அவர் எடுத்த உவமைகள் மூன்றனுள் இரண்டு மரங்களாகும்: ஊருள் பழுத்த பயன்மரம் ஒன்று, மருந்தாகும் மரம் ஒன்று. மூன்றாவது ஊரார் நீருண்ணும் குளம். பிறிதோரிடத்தில், எவராலும் விரும்பப்படாதவன் செல்வத்துக்கு ஊர்நடுவே பழுத்த நச்சுமரத்தை உவமை கூறுகின்றார். பழுத்தது ஒன்றே, நின்ற இடமும் ஒன்றே, உண்ணலாகுமா ஆகாதா என்பதிலேதான் வேறுபாடு.

இவ்வொழுக்கம் தனிமனிதர் உள்ளப்பாங்கு மட்டுமாய் நின்றுவிடவில்லை. உத்தரமேரூரிலே முதற்பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், குடவோலை முறையாற் தெரிந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிக்கின்றன. குளத்துக்கு ஒரு குழுவும் தோப்புக்கு ஒரு குழுவும் வேண்டுமென அச்சபையார் கருதினர். குளம் நம் கண்ணிற் படுகின்றது, தோப்பை மறந்துவிடுகின்றோம். சோழர் ஆட்சி ஈழத்திற் பரவியபோது நம் மாவட்டத்துக் கந்தளாயும் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரோடு சபை கொண்ட பிரமதேயமாயிற்று. அதே கந்தளாயிற் பின்னர் நிசங்கமல்லன் (1187-1196) பார்வதி சத்திரம் என்னும் அன்னசாலை அமைத்தான் என்பதைச் சிங்களக் கல்லாசனச் சாசனம் கூறும். பௌத்த அரசன் ஒருவன் அம்மை பெயராற் சோறிட்ட ஊர் நம் அயலிலே உள்ளது என்பது மாணவர் அறிந்திருக்கத்தக்கது.

இனி நம் மாவட்டத்து வழக்கத்தை நோக்குவோம். வாடைக் காற்றோடு ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழையே இங்கு ஆண்டு முழுமைக்கும் முதல். மழை ஓய்ந்தபின் மா பூக்கும். வெயில் முற்றக் காய் முற்றும். ஆனி ஆடியிற் காட்டிலே பாலை பழுக்கும். பொன்னிறமான அச்சிறு பழத்தைக் கரடியும் உண்ணும், மனிதரும் உண்பர். உண்டவர் உதட்டிற் பால் ஒட்டிக்கொள்வது இப்பகுதிப் பிள்ளைகள் யாவரும் அறிந்தது. பாலை எவர் வளவுக்கும் உரியதன்று. ஆயினும் கிளையை முறித்துப் பழம் பறிப்பவனை ஊரார் ஏசுவர். அடுத்த ஆண்டுப் பழம் அக்கிளையிலன்றோ இருக்கின்றது?

எப்பழம் பகிரப்பட்டது, எது விற்கப்பட்டது என்று பார்க்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். புளியை உலுப்பிக் கோது நீக்கி உப்பிட்டு வைத்தால் ஆண்டு கடந்தும் இருக்கும். பனம்பழக் களியைப் பாயிற் பரப்பிக் காயவிட்டுப் பனாட்டாக்கலாம். பலாக்கொட்டையை மணலிற் புதைத்து வைக்கலாம். இவை வைப்புக்கும் வாணிகத்துக்கும் உரியவாயின. மாம்பழமோ ஒரே கிழமையில் ஒரு மரம் முழுதும் பழுக்கும். கனிந்த பலாவைப் பிளந்தால் அன்றே தீர்த்தல் வேண்டும். ஒரு குடும்பத்தால் அது முடியாது. வைத்தாற் கெடுவதை அயலார் வயிற்றிலே வைத்தல் அறமும் ஆகும், அறிவும் ஆகும். இன்று என் வீட்டுப் பலா அயலுக்குப் போனால், ஆடியில் அயலவர் மாம்பழம் என் வீட்டுக்கு வரும். பழம் கொண்டுவந்த கடகத்தை வெறுமனே திருப்பியனுப்புவது நம்மவரிடையே முறையன்று. நாலு முருங்கைக்காயேனும் ஒரு கைப்பிடி அரிசியேனும் அதில் இடுவர். எழுதாக் கணக்கு அது, எனினும் பிசகுவதில்லை. தைப்பொங்கலுக்கும் நோன்புக்கும் மூதூர்ப் பகுதியிலே தமிழர் வீட்டுக்கும் முஸ்லிம்கள் வீட்டுக்குமிடையே சென்று வந்த கடகங்களும் இக்கணக்கைச் சேர்ந்தனவே.

முதற்பழம் கோயிலுக்கு என்பது மற்றொரு விதி. புதிதாய்க் காய்த்த பலாவின் முதற்கனியோ, வாழையின் முதற்குலையோ சந்நிதிக்குச் செல்லும். பூசை முடிந்ததும் அடியார் முன்னிலையில் ஏலம் கூறுவர். சந்தையில் அதன் விலை என்னவென்று எவரும் கேளார். பன்மடங்கு கொடுத்து எடுத்தவரும் அங்கேயே அறுத்துப் பகிர்வதுண்டு. பணம் கோயிலுக்கு, பழம் ஊருக்கு, மரத்துக்குரியவனுக்கோ அம்மரம் காய்த்த செய்தி ஊரறிந்த மகிழ்ச்சி. மூன்று முடிச்சிட்டுப் பழம் கொண்டுபோன முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டிலும் சிறந்த பழமே வீட்டைவிட்டுப் போகின்றது. ஒன்றிலே நடுபவன் கை தளர்ந்தது. மற்றதிலே அடுத்த கன்றுக்கும் குழி தோண்டினான்.

மரத்துக்கும் மண்ணுக்கும் உரியவர் வெவ்வேறாயிருத்தல் நம் நாட்டில் வியப்பன்று. யாழ்ப்பாணத்தார்க்கென ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இற் தொகுத்தளித்த தேசவழமை, பிறர் நிலத்திலே தென்னை முதலியன நட்டவனுக்கும் நிலத்துக்குரியவனுக்கும் பயனை மூன்று கூறாக்கிப் பங்கிடுகின்றது. கன்று கொடுத்தவன் யார் என்பதைக்கொண்டு எவனுக்கு இரு கூறு என்பது முடிவாகும். உழைப்புக்கும் மரத்திலே உரிமை உண்டென்பது இதனாற் தெளிவு. பங்கு அன்பினின்றும் வழக்குமன்றுக்கு ஏறியபோது நேர்ந்த கோலத்தையும் சொல்லத்தான் வேண்டும். காலியிலே பத்துத் தென்னைமரத்தின் 2520இல் ஒரு பங்குக்காக வழக்காடினர் என எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலில் எழுதியுள்ளார். அப்பங்குக்கு ஓராண்டில் எத்தனை தேங்காய் வருமென்று கணித மாணவர் கண்டு சொல்வாராக! வழக்குரைஞர் ஊதியத்தையும் சேர்த்துக் கணக்கிடுதல் நன்று.

துறைமுகத்தின் பங்கும் இங்கு உண்டு. நெடுங்கடலோடிகளை ஈறு வீங்கி உதிரம் கக்கவைத்துக் கொன்ற நோய்க்குத் தேசி இனத்துப் பழம் மருந்தென்பதை 1747இல் யேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் கப்பலிலேயே சோதித்தறிந்தார். ஆங்கிலக் கடற்படை அப்பழச்சாற்றை முறையாக வழங்க இசைந்தது 1795ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஆவணி மாதத்திலேயே ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினர். ஒன்றற்கொன்று காரணமன்று, எனினும் பழத்தின் அருமை தெரிந்த வாங்குவோர் துறையில் வந்து தங்கினர் என்பது பொருந்தும். கடற்படைத் தளம் 1957இல் இலங்கையர் கைக்கு வரும்வரை அவ்வாங்குவோர் இருந்தனர். காசு வந்த இடத்திற் கடகம் சுருங்குதல் இயல்பே. அதனைக் குறையென்று சொல்லுதற்கு எமக்கு மனமில்லை. பிள்ளைகளின் கல்விச் செலவு மாம்பழத்திலே வந்த வீடுகளும் உள.

1964 மார்கழியில் வீசிய சூறாவளி இக்கரையின் மரங்களைப் பெரிதும் வீழ்த்தியது. அதனினும் நெடிய அழிவு போராற் வந்தது. மூதூர்க் கிழக்கிலே சம்பூர் முதலிய ஊர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். சம்பூரவர் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் தம் மண்ணிற் கால்வைத்தனர். வீடு தரைமட்டமான வளவில் எல்லை சொல்ல நிற்பவை கிணறும் மரமும் அல்லவா? நட்டவர் பலர் இன்றில்லை. மரம் நிற்கும் இடத்திலும் அதன் பழம் எந்த வீட்டுக்கு எப்போது செல்லும் என்ற எழுதாக் கணக்கை அறிந்த முதியோர் அருகினர். புதிதாய் நட்ட ஒட்டுமா நான்கைந்து ஆண்டிற் காய்த்துவிடும். அக்கணக்கு அவ்வளவு விரைவில் வருமா என்பதே கேள்வி.

முன்னாளிற் கதியால் நட்டுக் கட்டிய வேலியிலே பொட்டொன்று விடுவர். பிள்ளைகளும் பெண்டிரும் கடகத்தோடு நுழைந்து செல்லும் அளவே அதன் அகலம். கம்பி வேலியிலும் சீமெந்து மதிலிலும் அதற்கு இடம் வைப்பதில்லை. ஆனியில் மதிலுக்கு அப்பால் விழும் மாம்பழத்தை எடுப்பதற்கு இப்போது தெருவைச் சுற்றிப் படலையைத் தட்டவேண்டும்.