லூப் ரோட்டை கார்களுக்கு திறந்துவிட்டா மீனவர்களுக்கு என்ன நஷ்டம்? முழு விவரம்

சென்னை: மெரினா கலங்கரை விளக்கத்தில் இருந்து பட்டினப்பாக்கம் வரை கடலை ஒட்டிப் போகிறது லூப் ரோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனவர்களுக்கு இந்த ரோடு நல்லாவே தெரியும். மேற்கே வீடு. கிழக்கே படகு, வலை, மணல், கடல். நடுவுல ரோடு. தகராறே அந்த ‘நடுவுல’தான்.

ரோட்டை முழுசாக வாகனங்களுக்கு திறந்துவிட வேண்டும், அகலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நொச்சிக்குப்பம் கொந்தளிக்கிறது. ஏன்?

ரோடு எதுக்கு தேவைப்படுது?

சாந்தோம் நெடுஞ்சாலைக்கு மாற்றுப்பாதை வேண்டும் என்பதுதான் அதிகாரிகள் சொல்லும் காரணம். அது பொய் இல்லை. சாந்தோம் ரோடு குறுகலானது. சர்ச், பள்ளிக்கூடம், குடியிருப்பு எல்லாம் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்கிறது. காலையிலும் சாயங்காலமும் அடையாறு பக்கம் போகிற வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். பஸ்சில் போகிறவர், ஸ்கூட்டரில் பிள்ளையை ஸ்கூலில் விடுகிறவர், ஆம்புலன்சில் இருக்கிறவர் என்று எல்லாருக்கும் அவஸ்தை. அதனால் வாகனங்களில் ஒரு பகுதியை கடற்கரைப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

மீனவர்கள் என்ன சொல்றாங்க?

குப்பம் முதலில் வந்தது, ரோடு அப்புறம்தான் வந்தது என்கிறார்கள். நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டுமிங்குப்பம், முள்ளிமாநகர் என்று வரிசையாக இருக்கிற மீனவர் குடியிருப்புகளுக்கு அந்த மணல்தான் பட்டறை. படகு நிறுத்துவது, வலை பிரிப்பது, வலை தைப்பது, மீன் காயவைப்பது எல்லாம் அங்கேதான். ஆம்பளைங்க கொண்டு வந்த மீனை கரையிலேயே கூறுகட்டி விற்பது பெரும்பாலும் பெண்கள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால் என்று வாங்கினால் பக்கத்திலேயே சுத்தம் செய்து வெட்டிக் கொடுக்கவும் ஆள் உண்டு.

அந்த வழியில் கார்கள் வேகமாகப் போக ஆரம்பித்தால் என்ன ஆகும்? மீன் வாங்க வந்தவர் வண்டியை நிறுத்த முடியாது. வண்டி நிற்கவில்லை என்றால் வியாபாரம் போச்சு. பிள்ளைகள் வீட்டில் இருந்து கரைக்கு ஓடுவதற்கும் பயப்பட வேண்டும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒருத்தருக்கு ரோடு திறந்தால், இன்னொருத்தருக்கு கரை மூடுகிறது. இதுதான் அவர்கள் கோபத்தின் சாரம்.

2023-ல் என்ன நடந்தது?

2023 ஏப்ரலில் விவகாரம் வெடித்தது. லூப் ரோட்டில் உள்ள மீன் கடைகளால் போக்குவரத்து பாதிப்பதாக சென்னை ஐகோர்ட் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. பொது ரோட்டில் ஆக்கிரமிப்பை அனுமதிக்க முடியாது என்று நீதிபதிகள் கண்டிப்பு காட்டினார்கள். மாநகராட்சி ஆட்கள் போலீஸ் பாதுகாப்புடன் வந்து கடைகளை அப்புறப்படுத்தினார்கள்.

குப்பத்து ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. படகுகளை இழுத்து வந்து ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். போராட்டம் பல நாள் நீடித்தது. கடைசியில், புது மீன் மார்க்கெட் தயாராகும் வரை போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவதாக கோர்ட்டில் சொல்லப்பட்டது.

அந்த மார்க்கெட் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு ரூ.14.93 கோடி, கடைகள் 366. மேலே கூரை, தண்ணீர் வசதி, கழிவுநீர் சுத்திகரிப்பு, வண்டி நிறுத்த இடம் எல்லாம் இருக்கு. ஆனா ரோட்டோர வியாபாரத்தில் போகிற வருகிறவர் கண்ணில் மீன் படும். ஒரே கட்டிடத்துக்குள் போனால் ஓரத்துக் கடைக்கு ஒரு மாதிரியும் உள்ளே இருக்கிற கடைக்கு ஒரு மாதிரியும்தான் கூட்டம் வரும். எந்த ஊர் மார்க்கெட்டிலும் இதுதான் கதை.

பழைய காயம்

இந்த ஜனங்கள் சட்டென்று ரோட்டுக்கு வருவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காக கரையில் இருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தினார்கள். எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. மீனவர்கள் பலியானார்கள். குப்பத்துப் பெரியவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி இதே கரையைத்தான் புரட்டிப் போட்டது. அதற்கு அப்புறம் கலங்கரை விளக்கத்தில் இருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக உயர்மட்டச் சாலை போடும் திட்டம் வந்தது. மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த திட்டம் நிறைவேறவில்லை.

இதனால்தான் ‘அழகு’, ‘அகலம்’ என்று யார் சொன்னாலும் அடுத்து ‘காலி பண்ணு’ என்ற வார்த்தை வரும் என்று பயப்படுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

* கடலின் உயர் அலைக்கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் இஷ்டத்துக்கு ரோடு போட முடியாது. முறைப்படி அனுமதி வாங்க வேண்டும்.

* 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரியை அப்புறப்படுத்தும் முன் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

* அதே சட்டம், 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் மார்க்கெட்டை பாரம்பரிய மார்க்கெட்டாக அறிவிக்க வேண்டும், அங்கே உள்ளவர்களை இடம் மாற்றக்கூடாது என்கிறது.

* ரோடு பொதுமக்கள் சொத்து, போக்குவரத்து தடைபடக்கூடாது என்பதும் சட்டம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோர்ட் வழி தேடுகிறது.

என்னதான் வழி?

சாந்தோமில் மாட்டிக்கொண்டு நிற்கிறவரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்தான். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்தான். இரண்டு பேரையும் மோதவிட வேண்டிய அவசியம் இல்லை. வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் வாகனங்களைக் கட்டுப்படுத்தலாம். வேகத்தடை போடலாம். படகு நிறுத்தவும் வலை காயவைக்கவும் இடத்தை அளந்து எழுத்தில் கொடுக்கலாம்.

எல்லாத்துக்கும் முன்னால், திட்டம் போடும்போதே குப்பத்து ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஜே.சி.பி. வந்து நின்ற பிறகு கேட்டால், பதிலுக்கு படகுதான் ரோட்டுக்கு வரும்.